பாஸான காது

சுசித்ராவுக்குப் பேசாமல் இருக்க வராது. கர்நாடகத்திலேயே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காட்டோர ஊரான ராமாபுரத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில், பேருந்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டதுண்டு. கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகு அந்த வாயே வேலையும் வாங்கித் தந்தது. ஒரு கூரியர் கம்பெனிக்கு வரும் தமிழ் அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும்; ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம். பார்சல் வரவில்லை என்று சீறிக்கொண்டு வருகிற ஆள், அவளிடம் கொஞ்ச நேரம் பேசினால், மகளுக்கு வரன் தேடுகிற கஷ்டத்தையும் கொட்டிவிட்டுத்தான் போனை வைப்பார்.

கணவன் பழனிமுத்துவிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி இருந்தது. குண்டலுபேட்டைச் சந்தையில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்கு ஓட்டுவான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான், இருக்கிற நாளில் தூங்குவான். மைசூரின் விஜயநகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். கீழே வீட்டுக்கார அம்மாள் பங்கஜவல்லி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் பூர்வீகம். வீட்டில் ஒரு தமிழ், வாசலில் ஒரு கன்னடம், போனில் மகனோடு ஆங்கிலம் என்று வேளைக்கொரு மொழி பேசுவார்.

சுசித்ராவின் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ரத்த அழுத்தம் ஏறி, கை கால் வீங்கி, அவசரமாக அறுத்து எடுத்தார்கள். ஒரு கிலோவைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. மூச்சு விடக் குழாய், ரத்தத்தில் கிருமி, அதற்குக் கடுமையான ஊசி மருந்து, மேலே மஞ்சள் காமாலை. குறைமாதக் குழந்தைக்கு என்னென்ன வரலாமோ அத்தனையும் வந்து போயிற்று. கொஞ்சம் தேறியதும் தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு வைக்கச் சொன்னார்கள். சுசித்ரா அந்த நாற்காலியில் சாய்ந்து, ராமாபுரத்து ஆடு மாடு முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் குழந்தையிடம் சொன்னாள்.

"பாப்பா தூங்கட்டும். ரேடியோவைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?" என்று நர்ஸ் கேலி செய்தாள்.

வீட்டுக்கு அனுப்புமுன் காதையும் சோதித்தார்கள். தூங்குகிற குழந்தையின் காதில் சின்ன ரப்பர் மொட்டு ஒன்றைச் செருகினாள் ஒரு பெண். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "ரெண்டு காதும் பாஸ்" என்றாள். சொல்லிவிட்டு அவள் சும்மா போகவில்லை. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு இப்போது கேட்டாலும் பிறகு குறையலாம், முதல் பிறந்தநாளுக்கு முன்னால் இன்னும் விரிவான சோதனை ஒன்று செய்ய வேண்டும், அதற்கப்புறமும் விடக்கூடாது என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். சுசித்ரா தலையாட்டினாள்.

தலையாட்டியது பொய்யில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுக்க அவர்கள் கண்ணுக்குத்தான் பயந்தார்கள். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை கெட்டுப்போகும், பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்ன சொல் பழனிமுத்துவின் மனதில் தைத்துக் கிடந்தது. கண் டாக்டரிடம் ஒரு தவணையும் தவறவில்லை. எடை, தடுப்பூசி, கால் எலும்பு, எல்லாம் பார்த்தார்கள். காது பாஸாகியிருந்தது. பாஸான பாடத்துக்கு யாராவது மறுபடி பரீட்சை எழுதுவார்களா?

குழந்தைக்கு மோகனப்ரியா என்று பேர் வைத்தார்கள். முதல் பிறந்தநாள் வாக்கில் மூன்று சொல் வந்தது. அம்மாவுக்கு "ம்மா", காகத்துக்கு "க்கா", எது வேண்டுமானாலும் "தா". அதற்குப் பிறகு நாலாவது சொல் வரவில்லை. சில மாதங்களில் "க்கா" காணாமல் போயிற்று. பிறகு "தா"வும் "ம்மா"வும் போய், கையை நீட்டி 'ஆ, ஆ' என்பது மட்டும் மிஞ்சியது. பல்லும் நடையும் வரும்போது பேச்சு பின்வாங்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்படியும் இருக்கும் என்று சுசித்ரா நினைத்துக்கொண்டாள். குறைமாதப் பிள்ளை, எல்லாமே தாமதம்தான்.

பங்கஜவல்லி அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தார்.

"தப்பு கொழந்தை மேல இல்லை சுசித்ரா, உங்க மேல. நீ ஒரு தமிழ் பேசறே. அது கிழக்கே காட்டுப் பக்கத்துத் தமிழ். நான் கொஞ்சறது வேற தமிழ். தெருவுல கன்னடா. டிவியில இங்கிலீஷ் ரைம்ஸ். அது எதைன்னு பிடிச்சுக்கும்? எங்க பேரன் கௌஸ்துபுக்கும் இதேதான். அமெரிக்காவுல மூணு வயசு வரைக்கும் வாயைத் தெறக்கலை. டாக்டர் சொல்லி ஒரே பாஷையாக்கினா. அப்புறம் மடமடன்னு கொட்டினான். இப்போ அவனை நிறுத்தறதுக்குத்தான் டாக்டர் வேணும்."

"காது கேக்குதானு ஒருக்காப் பாத்துரலாமுங்களா மாமி?"

பங்கஜவல்லி எழுந்து போய் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டு வந்தார். குழந்தைக்குப் பின்னால் நின்று ஓங்கித் தட்டினார். மோகனப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? சும்மா கவலைப்படறே. ஆஸ்பத்திரியிலயே பாஸ் பண்ணின காது."

தட்டுச் சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்குப் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும் என்று விதியில்லை. பாதி கேட்கிற காதும் தட்டுக்குத் திரும்பும். பின்னால் ஆள் நடந்துவந்த அதிர்வுக்கும், தரையில் விழுந்த நிழலுக்கும் கூடத் திரும்பும். இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஆக, ஒரே பாஷை என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு ஆகும் என்று கன்னடத்தை வைத்தார்கள். சுசித்ரா கன்னடத்தில் படித்தவள்தான். கன்னடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள், காய்கறிக்காரனோடு கன்னடத்தில் சண்டை போடுவாள். ஆனால் மடியில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற கன்னடத்தை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. 'வா', 'சாப்பிடு', 'தொடாதே' என்று வகுப்பாசிரியை மாதிரி வந்தது. ஆசையாகக் கொஞ்ச வாயெடுத்தால் தமிழ் வரும், உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில், பேசி மாட்டிக்கொள்வதைவிடப் பேசாமல் இருப்பது சுலபமாகிவிட்டது. ஹெட்செட்டில் முன்பின் தெரியாதவர்களோடு நாளெல்லாம் தமிழ் பேசினாள். அதைக் கழற்றி வைத்தால் வீடு அமைதியாக இருந்தது.

அவள் அழைப்பில் பேசும்போது மோகனப்ரியா மடியில் ஏறி, தாயின் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். பேச்சு நின்றால் கையை எடுப்பாள், தொடங்கினால் வைப்பாள். பார்த்தவர்கள் எவ்வளவு ஆசை என்றார்கள். சுசித்ராவும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

இரண்டு வயது முடிந்த பிறகு ஒரு காலையில், பாலுக்குப் போய்த் திரும்பும்போது அந்த நம்பிக்கை கலைந்தது. குழந்தை கையை உதறிவிட்டுக் கொஞ்சம் முன்னால் ஓடினாள். பக்கத்து வீட்டுக் கார் வாசலிலிருந்து பின்னோக்கி வந்தது. சுசித்ரா பேரைச் சொல்லிக் கத்தினாள், காரின் பீப் பீப் சத்தம் தெருமுனை வரை கேட்டது, மாடியிலிருந்து யாரோ கூவினார்கள். குழந்தை காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து தரையில் கிடந்த சரக்கொன்றைப் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுசித்ரா பாலைப் போட்டுவிட்டு ஓடி, சட்டையைப் பிடித்து இழுத்தாள். கார் நின்றது.

இழுத்த பிறகுதான் குழந்தை திடுக்கிட்டாள். அதுவரை அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. சுசித்ரா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார்க்காரர் இறங்கி வந்து திட்டியது அவள் மண்டையில் ஏறவில்லை. பிள்ளைக்கு என் குரல் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் ஏறியது.

மைசூரில் செவிக்கும் பேச்சுக்கும் என்றே ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. வடக்கே எங்கிருந்தோ மூட்டை முடிச்சோடு ரயிலேறி வருகிறார்கள். சுசித்ரா வீட்டிலிருந்து ஆட்டோ ஏறினால் சீக்கிரமே போய் இறங்கிவிடலாம். அந்த மதிலைத் தாண்டித்தான் அவள் இத்தனை நாளும் காய்கறிக்குப் போய் வந்திருக்கிறாள்.

சோதித்தவள் ஸ்மிதா என்ற தமிழ் தெரிந்த பெண், முப்பது வயதுக்குள் இருப்பாள். குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பி, மூளை வரை அது போகிறதா என்று திரையில் பார்த்தாள். கோடுகள் தட்டையாக ஓடின. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். சுசித்ராவுக்குத் திரையைப் பார்க்கத் தெரியாது, ஸ்மிதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காதுலயும் நல்லாவே குறைஞ்சிருக்குதும்மா. பேசற சத்தம் கேக்கறதில்லை. ரொம்பப் பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் போகுது."

"பொறந்தப்பப் பாஸுன்னாங்க மேடம்."

"அன்னைக்குப் பாஸ்தான், அவங்க பொய் சொல்லலை. மூணு வார்த்தை பேசினாள்னு சொன்னீங்களே. கேக்காம பேசியிருக்க முடியாது. அப்புறமா குறைஞ்சிருக்கு. இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு அப்படி ஆகும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்றது." அவள் எழுதிக்கொண்டே கேட்டாள். "வீட்டுல எந்த பாஷையில கொஞ்சுவீங்க?"

"நிறுத்திட்டேனுங்க."

"என்னத்தை?"

சுசித்ரா விஷயத்தைச் சொன்னாள். ஸ்மிதா பேனாவை மூடி வைத்தாள்.

"கேக்காத குழந்தைக்குப் பாஷை குழப்பம் வருமா? இனிமே யார் என்ன சொன்னாலும், உங்களுக்கு எது வாயில தானா வருதோ அதுல பேசுங்க. நிறையப் பேசுங்க."

"பேசறதுக்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லீங்க மேடம்" என்றாள் சுசித்ரா. சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.

காதுக்குள் பிசின் மாதிரி ஒன்றை விட்டு அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் வார்த்த மென்மையான அடைப்பு காதுக்குள் போகும், கருவி காதுக்குப் பின்னால் தொங்கும். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள். ஒரு நாளும் தள்ளாதீர்கள் என்று ஸ்மிதா வாசல் வரை வந்து சொன்னாள். இந்த வயதில் மூளை சத்தத்துக்காகக் காத்திருக்கிறது, காத்துக் காத்து வேறு வேலைக்குப் போய்விடும், பிறகு கூப்பிட்டாலும் வராது என்றாள்.

பழனிமுத்து செய்தியைக் கேட்டு வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தாயாருக்குப் போன் போட்டான். நாச்சம்மாள் ராமாபுரத்தில் மாடு கன்றோடு தனியாக இருப்பவள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் கருப்பராயனுக்கு முடியெடுத்துக் காது குத்துவதாக வேண்டியிருந்தாள். அந்த வேண்டுதல் கண்ணுக்கும் எடைக்கும் அலைந்ததில் தள்ளிக்கொண்டே போயிருந்தது.

"சாமி காரியத்தைக் கெடப்புல போட்டீங்க, அது புள்ளை வாயைக் கட்டிருச்சு. நான் ஒறம்பரைச் சனத்துக்கெல்லாஞ் சொல்லியாச்சு. கெடாவும் புடிச்சாச்சு. வார வெள்ளிக்கெழம வந்து முடியெடுத்துக் காதைக் குத்திப் போட்டுப் பொறவு என்ன மிசினு வேணாலும் மாட்டிக்குங்க சாமி."

கருவி வரும் நாளும் அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றித்தான் விழுந்தது.

"மிஷினை மொதல்ல மாட்டிட்டுப் போலாமுங்க" என்றாள் சுசித்ரா. "காதுக்குப் பின்னாடி தானே தொங்குது, காது குத்த அது என்ன பண்ணப்போவுது?"

"மொட்டைத் தலையில அது பளிச்சுன்னு தெரியும் புள்ளை. சனமெல்லாம் வந்திருக்கும். பொட்டப்புள்ளை. இந்த வயசுலயே செவிடுங்கற பேரை வாங்கிக் குடுக்கோணுமா?" அவன் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். "நாலஞ்சு நாளுதான். வந்ததும் மொதக் காரியமா மாட்டிருவோம்."

ஸ்மிதாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தாள். அவள் என்ன சொல்வாள் என்பது தெரிந்திருந்தது. அதனாலேயே கேட்கவில்லை. இன்னொன்றும் இருந்தது, மாமியாரின் பேச்சைப் பொய் என்று தள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. அவளும் அதே மண்ணில் பிறந்தவள், தன் தலையிலேயே குற்றத்தைச் சுமத்திக்கொண்டிருந்தவள். முடியை இறக்கினால் அதில் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்தாள்.

கருப்பராயன் கோயில் காட்டோரத்தில் இருக்கிறது. மேளமும் உறுமியும் அடித்தார்கள். மோகனப்ரியா உறுமியின் பக்கத்தில் போய் அதன் கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாரு, கொட்டுச் சத்தத்துக்கு எப்படிப் போறா பாரு. காதாவது கேக்காததாவது" என்றாள் ஒரு சித்தி. நாச்சம்மாள் நிமிர்ந்து நின்று எல்லாரையும் பார்த்தாள். தாய்மாமன் சென்னப்பன், சுசித்ராவின் தம்பி, மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். தலை மழித்து, சந்தனம் பூசி, புதுச்சட்டை போட்டு, ஆசாரி தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

கேட்கிற குழந்தைக்கு முன்கூட்டியே ஏதாவது ஒரு குறிப்பு கிடைக்கும். 'கண்ணு, ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி' என்று பத்துப் பேர் சொல்வார்கள். பொய்யென்றாலும் அதில் ஒரு பிடிமானம் உண்டு. மோகனப்ரியாவுக்கு அது இல்லை. அவள் சென்னப்பனின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து காதைப் பிடித்தது, பிறகு வலித்தது. அவள் கத்தி முடிக்குமுன் அடுத்த காது.

வீடு திரும்பியபோது இரண்டு காதும் சிவந்திருந்தன. காட்டோரத்துத் தூசியும் சந்தனமும் வியர்வையும் கம்பியில் ஏறி, இரண்டொரு நாளில் சீழ் பிடித்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டார்கள். போடாமல் சுத்தமான உப்புத் தண்ணீரில் துடைத்திருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும். கம்பியைக் கழற்ற மாமியார் போனில் சம்மதிக்கவில்லை. கடைசியில் குழந்தை டாக்டர் கழற்றினார், மருந்து கொடுத்தார். புண் ஆறியது. பயம் ஆறவில்லை. தலை துவட்டக் கை போனாலே மோகனப்ரியா சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினாள். தூக்கத்தில் தொட்டாலும் விழித்துக்கொண்டாள். தொப்பி போடக்கூட விடவில்லை. நிலையத்திலிருந்து வாங்கி வந்த கருவிகள் பெட்டிக்குள் கிடந்தன.

ஸ்மிதாவிடம் போனபோது அவள் காதைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"காது குத்தறதை நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்கும் குத்தியிருக்கு. மிஷின் போட்டுப் பழகினப்புறம் குத்தியிருக்கலாமே. ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியுமுங்க. அதான் பண்ணலை."

ஸ்மிதா பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தாள். வலுக்கட்டாயமாக மாட்டக்கூடாது, ஒரு தடவை பிடித்து அமுக்கினால் இன்னும் பல மாதம் போய்விடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சுசித்ரா கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் கருவியைப் பொம்மை மாதிரித் தரையில் கிடக்க விட்டாள். குழந்தை எடுத்து வாயில் வைத்தாள், பறிக்கவில்லை. பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து, அந்த மென்மையான அடைப்பைத் தன் காதில் ஒட்டிக்காட்டினாள். அம்மாவின் காதில் குழந்தையே ஒட்டினாள். கன்னத்தில் ஒட்டிச் சிரித்தார்கள். கழுத்தில் ஒட்டினார்கள். காதுக்கு அருகே போனதும் எல்லாம் கலைந்து, அழுகையில் முடிந்து, மறுபடி கன்னத்திலிருந்து தொடங்கியது. பங்கஜவல்லி மாடிப்படியில் பாதி வரை ஏறி வந்து நின்று பார்ப்பார். ஒரு நாள் அங்கிருந்தே சொன்னார்.

"நான் சொன்னதைக் கேட்டுத்தானே நீ பேச்சை நிறுத்தினே."

"நீங்க சொன்னீங்க மாமி, நிறுத்துனது நானுங்க."

"அப்படிச் சொல்லாதே, எனக்கு அது சமாதானம் இல்லை." அவர் ஒரு படி ஏறினார். "நான் வந்து உக்காந்துக்கட்டுமா? நீ சமையலைப் பாரு. கன்னத்துல ஒட்டற வேலைதானே, எனக்கும் வரும்."

வெயில் குறைந்து முதல் மழை பிடித்த பிறகுதான் கருவி காதில் ஏறியது. சினிமாவில் வருகிற மாதிரிக் குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்கவில்லை. உறைந்துபோய் உட்கார்ந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிடுங்கிப் போட்டாள். மறுநாள் சிறிது நேரம் வைத்திருந்தாள். அதற்கடுத்து இட்லி தின்று முடிக்கும் வரை. சுசித்ரா அந்த இட்லி நேரம் முழுவதும் தமிழில் பேசினாள். மாவு, புளிப்பு, சட்னி, ராமாபுரம், மழை என்று வாயில் வந்ததையெல்லாம். குழந்தை திரும்பவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த சோதனையில் ஏன் என்று தெரிந்தது. காது இன்னும் விழுந்திருந்தது. முன்பு சத்தத்தைக் கூட்டினால் திரையில் எழும்பிய சின்ன அலையும் இப்போது இல்லை.

"நாங்க தாமதம் பண்ணுனதாலயா மேடம்?" சுசித்ரா கேட்டாள். பழனிமுத்துவும் வந்திருந்தான். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காது குறைஞ்சது அதனால இல்லை. அது குறையற காது, எப்படியும் குறைஞ்சிருக்கும்." ஸ்மிதா இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள். "ஆனா கொஞ்சமாவது கேட்டிட்டிருந்தப்ப மிஷின் போட்டிருந்தா, அந்த மாசங்கள்ல சத்தம்னா என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அதைத் திரும்ப வாங்க முடியாது. இனிமே மிஷின் போதாது. ஆபரேஷன் பண்ணி உள் காதுல கருவி வெக்கிறதைப் பத்தி யோசிக்கணும். ஸ்கேன் எடுத்து நரம்பு சரியா இருக்குதான்னு பாக்கணும், தடுப்பூசி போடணும். மூணு வயசுக்குள்ள பண்ணினா நல்லது. அதுக்கப்புறம் வருசக்கணக்குல பயிற்சி. ஆபரேஷன் பண்ணின மறுநாளே பேசுவாள்னு யாரும் சொன்னா நம்பாதீங்க."

வீட்டுப்படி ஏறும்போது பழனிமுத்து சொன்னான். "தலையைத் தொளைக்கிற காரியம். சாமிகிட்டப் பூக்கேட்டுப் போட்டுச் செய்யலாம்."

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. பெரிய காரியம் எதுவானாலும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். சுசித்ராவின் கல்யாணமே அப்படி ஒரு வெள்ளைப் பூவில் நடந்ததுதான். அவள் அதைக் கேலியாக நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

"கேளுங்க" என்றாள். "ஆனா நீங்க ஆட்டோ புடிக்கப் போனப்பவே நான் ஸ்கேனுக்குப் பேர் குடுத்துட்டேன்."

"பூ வந்த பொறவு குடுத்திருக்கலாமில்ல?"

"சிவப்பு வந்தா நான் குடுத்திருக்க மாட்டேனுங்க. எனக்கு அவ்வளவு தைரியம் பத்தாது. அதான் முந்திக்கிட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். "நீ என்ன புள்ளை இப்படிப் பேசற" என்றான். சத்தம் போடவில்லை. மறுநாள் விடியலில் ராமாபுரத்துக்கு வண்டியை எடுத்தான். அதே நாளில் சுசித்ரா குழந்தையோடு ஸ்கேனுக்குப் போனாள். துணைக்குப் பங்கஜவல்லி வந்தார். குழந்தையை மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் சுசித்ரா எழுந்து கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்தாள். பங்கஜவல்லி பைக்குள் தேடி ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து, இது உனக்கு ஆகாது என்று தானே முணுமுணுத்து மூடினார்.

குழந்தை விழித்து, வாந்தியெடுத்து, மடியில் துவண்டு கிடந்தபோது டாக்டர் வந்து நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். ஆபரேஷனுக்குச் சேர்க்கும் நாளைச் சொன்னார். சுசித்ரா சரி என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு பழனிமுத்துவின் போன் வந்தது.

"சுசி." பின்னால் காற்றும் கோயில் மணியும் கேட்டன. "செவப்பு."

அவள் மடியில் கிடந்த குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை கேட்டோம். ரெண்டும் செவப்புதான். ஆடி முடியட்டும், மறுபடி கேக்கலாங்குது அம்மா. அழுவுது."

"ஸ்கேன் முடிஞ்சுதுங்க. நரம்பு நல்லா இருக்குதாமா. ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. நானும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

வண்டிக் கதவைத் திறந்து அவன் உள்ளே உட்காருவது கேட்டது.

"அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லோணும்?"

"வெள்ளைன்னு பொய் சொல்லாதீங்க. செவப்புதான் வந்துச்சு, இவதான் நிக்க மாட்டேங்கறான்னு சொல்லுங்க. நல்லது கெட்டது எதுன்னாலும் என் தலையில போடட்டும்."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க உன்னைய விட மாட்டாங்க சுசி."

"தெரியும்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "நான் வரோணுமா, எப்ப வரோணும்" என்று கேட்டான். குரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வந்து நிறுத்துவானா, வந்து நிற்பானா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. சேர்க்கும் நாளைச் சொன்னாள், அதற்கு முன்னால் குண்டலுபேட்டை லோடு எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னாள். அவன் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் வைத்துவிட்டான்.

ஆபரேஷன் நன்றாக முடியுமா, கருவி வைத்த பிறகு பிள்ளை திரும்பிப் பார்ப்பாளா, பேசுவாளா, சிவப்புப் பூவுக்கு ஏதாவது பொருள் உண்டா, அவளுக்கு ஒன்றும் தெரியாது. பங்கஜவல்லி ஆட்டோ பிடித்து வந்தார். அரைத்தூக்கத்தில் இருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தலை இடித்துவிடாமல் குனிந்து, சுசித்ரா உள்ளே ஏறினாள்.